4கே வீடியோ எடிட்டிங்கில் கணினி திணறும்போது: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறிந்து, தேவையான பாகத்தை மட்டும் வாங்கும் வழிமுறை

வீட்டிலிருந்தபடி 4கே வீடியோ எடிட் செய்கிறவர்களின் கணினி திணறத் தொடங்கினால், முதலில் மாற்றப்படுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். கடைக்காரரும் அதையே சொல்வார், தொழிலில் உள்ள நண்பர்களும் அதையே சொல்வார்கள். மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் திருமணம், காதுகுத்து, வளைகாப்பு என்று விசேஷ வீடியோக்களை எடிட் செய்து வரும் நானும் அவ்வாறே 42,000 ரூபாய்க்கு ஒரு கார்டு வாங்கிப் பொருத்தினேன். புதிய கேமராவின் கிளிப்புகள் அதற்குப் பிறகும் முன்பு போலவே விட்டுவிட்டு ஓடின. கார்டு பழுதும் இல்லை, வேகம் குறைந்ததும் இல்லை. அந்தக் கேமரா பதிவு செய்த வகைக் கோப்பை விரித்துக் கொடுக்கும் சுற்று அந்தக் கார்டுக்குள் இல்லை என்பதே காரணம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. எந்தப் பாகம் மூச்சு முட்டுகிறது என்று உறுதியாகத் தெரியும்வரை எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள் என்பதுதான் அந்த மூன்று வாரங்களில் நான் கற்றது.

முழு எச்டி படத்தின் ஒரு ஃப்ரேமில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. 3840×2160 அளவுள்ள 4கே ஃப்ரேமில் 82,94,400 இருக்கின்றன. அளவு சரியாக நான்கு மடங்கு கூடுகிறது. ஆனால் அந்தச் சுமை எல்லாப் பாகங்களின் மீதும் சமமாக விழுவதில்லை. கோப்பை விரிப்பது ஒரு பாகத்தின் வேலை, வண்ணம் திருத்துவது இன்னொன்றின் வேலை, கோப்பை எடுத்துக் கொடுப்பது மூன்றாவதன் வேலை. ஆகவே திணறல் எந்த நேரத்தில், என்ன செய்யும்போது வருகிறது என்பதுதான் முதல் துப்பு.

சோதனைக்கு இலவசமாகக் கிடைக்கும் மூன்று கருவிகள் போதும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜர் ஒன்று. கிளிப்பின் உள்விவரங்களை வரிவரியாகக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருள் இன்னொன்று. வெப்பநிலையையும் செயலியின் (சிபியு) வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மூன்றாவது.

அறிகுறி: கேமராவிலிருந்து வந்த கிளிப் எந்த எஃபெக்டும் போடாமலேயே விட்டுவிட்டு ஓடுகிறது

மிகுதியாகக் காணப்படுவதும் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த அறிகுறிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். எச்.264, எச்.265 ஆகிய கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் முறைகள்) இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு ஃப்ரேமை மட்டும் முழுமையாக வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பல ஃப்ரேம்களில் மாறிய பகுதிகளை மட்டுமே எழுதி வைக்கின்றன. தாலி கட்டும் கணத்தில் நீங்கள் டைம்லைனைக் கொண்டுபோய் நிறுத்தினால், அந்த ஒரு ஃப்ரேமைக் காட்டுவதற்காகக் கணினி அதற்கு முன்னுள்ள முழு ஃப்ரேம்வரை பின்னால் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பிக்கொண்டு வர வேண்டும். டைம்லைனைப் பின்னோக்கி இழுக்கும்போது திணறல் கூடுவது இதனால்தான். இந்த வேலைக்கென்றே தனிச் சுற்று கிராபிக்ஸ் பகுதிக்குள் இருக்கிறது; அந்தச் சுற்றுக்கு உங்கள் கோப்பு பழக்கமில்லாத வகையாக இருந்தால் சுமை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது.

கிளிப்பை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ்) பக்கத்தைத் திறந்து, கோப்பை விரிக்கும் வேலையைக் காட்டும் 'வீடியோ டிகோட்' என்ற சிறிய கட்டத்தைக் கவனியுங்கள். என் கணினியில் நான் கண்டது இது: செயலியின் கோடு 97 விழுக்காட்டில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, புதுக் கார்டின் 'வீடியோ டிகோட்' கட்டத்தில் கோடு அடிமட்டத்தில் அசையாமல் படுத்திருந்தது. திரையில் மணமகள் மாலையைத் தூக்கும் காட்சி நான்கு துண்டுகளாக வெட்டி வெட்டி வந்தது. அதே நிகழ்ச்சியைக் கைபேசியில் எடுத்த கிளிப்பை ஓட்டியபோது டிகோட் கோடு 30 விழுக்காட்டுக்கு எழுந்து நிற்க, செயலியின் கோடு கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகு எனக்கு ஐயமே இருக்கவில்லை.

அடுத்து அதே கிளிப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்து, கோடெக், பிட் ஆழம் (ஒவ்வொரு வண்ண அளவையும் எத்தனை பிட்டில் எழுதியிருக்கிறது என்பது), வண்ண மாதிரி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்ண மாதிரி 4:2:0 என்றால் நான்கு பிக்சல்கள் கொண்ட ஒரு சதுரத்துக்கு ஒரு வண்ணத் தகவல் பதிவாகியிருக்கிறது என்று பொருள். 4:2:2 என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சல்களுக்கு ஒன்று வீதம் பதிவாகியிருக்கிறது. 10 பிட் 4:2:2 வண்ணத் திருத்தத்துக்கு நல்லது என்பதால் இன்றைய கேமராக்கள் அதைத் தாராளமாகத் தருகின்றன; கணினிப் பாகங்கள் அனைத்தும் அதே தாராளத்தோடு அதை வரவேற்பதில்லை.

எச்.265 வகை 10 பிட் 4:2:2 கோப்பை இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான மேசைக் கணினிச் செயலிகளுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் விரித்துவிடும். ஆனால் பெயரின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள செயலிகளில் அந்த உள் கிராபிக்ஸே கிடையாது. விலை சில ஆயிரம் குறைகிறது என்று அதை வாங்கினால் இந்த வேலைக்கு மிகவும் தேவைப்படும் பகுதியை இழந்துவிடுகிறோம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைவரை எந்தக் கார்டும், எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், 4:2:2 கோப்பை விரிக்காது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி சேர்ந்தது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசைக்கும் அது இல்லை. ஆப்பிளின் மேக் கணினிகளில் 2020இல் வந்த எம்1 சில்லிலிருந்தே உண்டு. எச்.264 வகை 10 பிட் 4:2:2 கோப்பு இன்னும் பிடிவாதமானது, இன்டெலின் பெரும்பாலான உள் கிராபிக்ஸும் அதை ஏற்பதில்லை. எனவே கேமராவில் தேர்வு இருந்தால் 10 பிட் 4:2:2 பதிவை எச்.265இல் வைத்துக்கொள்வது நல்லது.

பணம் செலவில்லாத தீர்வுகளை முதலில் முயலுங்கள். எடிட்டிங் மென்பொருளின் அமைப்புகளில் ஹார்டுவேர் டிகோடிங் இயங்கு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தனிக் கார்டு பொருத்தியதும் சில மதர்போர்டுகள் செயலியின் உள் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடுகின்றன. பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) சென்று அதை மீண்டும் இயக்கினால் டாஸ்க் மேனேஜரில் இரண்டு ஜிபியுக்கள் தெரியும், டிகோட் வேலை உள் கிராபிக்ஸுக்குப் போய்விடும். என் சிக்கல் தீர்ந்தது இந்த ஒரே மாற்றத்தால்தான். அதுவும் உதவாவிட்டால் ப்ராக்ஸி, அதாவது வெட்டும் வேலைக்கு மட்டும் பயன்படும் எளிய நகல் கோப்பு, உருவாக்குங்கள். இரவில் கணினியைப் ப்ராக்ஸி செய்ய விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் பழைய கணினியிலும் தடையின்றி வெட்டலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் மூலக் கோப்புகளையே எடுத்துக்கொள்ளும் என்பதால் தரம் குறைவதில்லை. ப்ராக்ஸியை மட்டமான வழி என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறான எண்ணம். பெரிய திரைப்படங்களின் எடிட்டிங் அறைகளிலும் வெட்டும் வேலை எளிய நகல் கோப்புகளை வைத்தே நடக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கத்தான் வேண்டும் என்றால், பழைய கார்டை விற்காமல், மதர்போர்டில் இரண்டாவது ஸ்லாட் இருந்தால், இன்டெல் ஆர்க் ஏ380 போன்ற சிறிய கார்டு ஒன்றை டிகோட் வேலைக்கென்றே சேர்த்துக்கொள்வதும் ஒரு வழி. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை லினக்ஸில் பயன்படுத்துகிறவர்களுக்கு எச்.264, எச்.265 கோப்புகள் திறக்கவே திறக்காது. அது மென்பொருளின் வரம்பு. எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது தீராது.

அறிகுறி: வெறும் கிளிப் நன்றாக ஓடுகிறது, வண்ணத் திருத்தமோ இரைச்சல் நீக்கமோ போட்டதும் நின்றுவிடுகிறது

இப்போதுதான் கிராபிக்ஸ் கார்டின் முறை வருகிறது. அதிலும் வேகத்தைவிட அதன் நினைவகமே முதலில் தீர்ந்துபோகிறது. உயர்துல்லியக் கணக்கீட்டில் ஒரு பிக்சலுக்கு நான்கு மதிப்புகள் (சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு), ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டுகள் என்று வைத்தால், ஒரே ஒரு 4கே ஃப்ரேம் 13 கோடி பைட்டுகளுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 133 எம்பி இடத்தைப் பிடிக்கிறது. மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் எடுத்த காட்சிக்கு இரைச்சல் நீக்கம் (படத்தில் மினுங்கும் புள்ளிகளை அகற்றுவது) போட்டால், அது முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒப்பிட முடியும். அதன்மேல் இன்னும் இரண்டு எஃபெக்டுகள் அடுக்கப்பட்டால் 8 ஜிபி நினைவகம் எப்படி நிரம்புகிறது என்பது விளங்கும்.

டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' என்ற வரியைப் பாருங்கள். அந்த அளவு உச்சத்தைத் தொட்ட அதே நொடியில் படம் நின்றால் நினைவகம் போதவில்லை. நினைவகம் பாதியிலேயே இருக்க, '3டி' கட்டம் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றால் கார்டின் வேகம் போதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. வெட்டும் வேலை முடியும்வரை டைம்லைனை 1920×1080இல் வைத்து, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் 4கேக்கு மாற்றினால் இரண்டு சுமைகளும் குறையும். வாங்கும் நிலை வந்தால் 4கே வேலைக்கு 8 ஜிபி என்பதைக் கீழ்வரம்பாகவும், இரைச்சல் நீக்கம் வழக்கமாகப் போடுபவர்களுக்கு 12 ஜிபியைத் தேவையாகவும் நான் கருதுகிறேன். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகையையும், 2023இல் 8 ஜிபியோடு வந்த ஆர்டிஎக்ஸ் 4060ஐயும் பக்கத்தில் வைத்தால், விளையாட்டுக்குப் புதியதும் கனமான வண்ணத் திருத்தத்துக்குப் பழையதும் பொருத்தமாக இருக்கும் விந்தையைக் காணலாம்.

அறிகுறி: தொடக்கத்தில் சீராக ஓடி, இருபது நிமிடம் கழித்து மெதுவாகிறது

காரணம் பெரும்பாலும் வெப்பம். சித்திரை, வைகாசி மாதங்களில் மாடி அறையில் பிற்பகல் நேரத்தில் காற்றே 38 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, அந்தக் காற்றைக் கொண்டுதான் கணினி தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து எக்ஸ்போர்ட்டைத் தொடங்கி, செயலியின் வெப்பநிலையையும் கிகாஹெர்ட்ஸ் அளவையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பநிலை ஏறி நிற்கும்போது வேகம் படிப்படியாக இறங்கினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே மெதுவாகிறது என்று பொருள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை முழுச் சுமையில் 95 டிகிரிவரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது, எனவே வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம், வேகம் இறங்குகிறதா என்பதையே பாருங்கள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஒரு மேசை விசிறியை நேராகத் திருப்பி வைத்து அதே எக்ஸ்போர்ட்டை மறுபடியும் செய்யுங்கள். நேரம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால் நோய் உறுதியாகிவிட்டது. சென்ற ஆண்டு என் கணினியைத் திறந்தபோது செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையில் பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளித் துணி போலப் படிந்திருந்தன. பழைய பெயின்ட் பிரஷால் அதை எடுத்து, காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியதற்கு ஆன செலவு 300 ரூபாய்க்கும் குறைவு. மடிக்கணினியானால் சார்ஜர் இணைக்கப்பட்டிருக்கிறதா, பவர் அமைப்பு சிக்கன நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மெத்தை மீது வைத்து வேலை செய்தால் அடிப்பக்கக் காற்றுவழி அடைபட்டுவிடும்.

அறிகுறி: பிரௌசரையோ இன்னொரு மென்பொருளையோ திறந்ததும் எல்லாமே உறைந்துவிடுகிறது

இது ரேம் பற்றாக்குறை. டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் போய், அதே நேரத்தில் டிஸ்க் வேலையும் உச்சத்துக்கு ஏறினால் வேறு சோதனை தேவையில்லை. 4கேக்கு 16 ஜிபி சமாளிக்கும், 32 ஜிபி நிம்மதி தரும், 64 ஜிபி மோஷன் கிராபிக்ஸ் செய்பவர்களுக்கே தேவை. ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்கினால் இரட்டைப் பாதையில் இயங்கும். புதுக் குச்சிகள் பெட்டியில் எழுதிய வேகத்தில் தாமாக ஓடுவதில்லை. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும்.

அறிகுறி: ஒரு கேமரா நன்றாக ஓடுகிறது, மூன்று கேமராக்களைச் சேர்த்தால் சிக்குகிறது

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் கேமராக் கோப்புக்கு நொடிக்கு 12.5 எம்பி படித்தால் போதும். மூன்று கேமராக்களுக்கும் சேர்த்து 37.5 எம்பிதான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாக 150 எம்பிக்கு மேல் படிக்குமே, பிறகு ஏன் சிக்குகிறது என்று கேட்கலாம். ஹார்ட் டிஸ்கின் ஊசி ஓரிடத்திலிருந்து நேராகப் படிக்கும்போதுதான் அந்த வேகம் கிடைக்கிறது. மூன்று கோப்புகளுக்கு இடையே மாறிமாறித் தாவ நேரும்போது பெரும்பகுதி நேரம் தாவுவதிலேயே போய்விடுகிறது. ப்ரோரெஸ் 422 வடிவத்துக்கு மாற்றி வைத்திருப்பவர்களுக்குச் சுமை இன்னும் கூடுதல்: 4கேயில் நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஏறக்குறைய 471 மெகாபிட், அதாவது நொடிக்கு 59 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 212 ஜிபி.

தீர்வு சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிதான். ஆனால் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. சாட்டா வகை நொடிக்கு 550 எம்பிவரை தரும். இந்த வேலைக்கு அதுவே போதும் என்பதால், 7,000 எம்பி என்று விளம்பரப்படுத்தப்படும் என்விஎம்இ வகைக்கு மேலும் பணம் கொடுப்பதைவிடக் கொள்ளளவைக் கூட்டுவது மேல். கவனிக்க வேண்டியது எழுதும் வேகத்தை. க்யூஎல்சி வகை மலிவு எஸ்எஸ்டிகளில் மெமரி கார்டை நகலெடுக்கும்போது தொடக்கத்தில் கோடு உயரத்தில் ஓடி, உள்ளிருக்கும் வேகமான இடைநினைவு நிரம்பியதும் செங்குத்தாக விழுந்து ஹார்ட் டிஸ்கின் வேகத்துக்கே வந்துவிடும். வெளிப்புற டிரைவ் என்றால் எந்தத் துளையில் சொருகியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்; யுஎஸ்பி 2.0 துளையில் எவ்வளவு நல்ல டிரைவும் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது. இயங்குதளத்துக்கு ஓர் எஸ்எஸ்டி, நடப்பு வேலைக்கும் கேஷுக்கும் (மென்பொருள் உருவாக்கும் தற்காலிகக் கோப்புகள்) இன்னொன்று, முடிந்த வேலைகளைப் பத்திரப்படுத்த ஹார்ட் டிஸ்க் இரண்டு என்று பிரித்து வைத்துக்கொள்கிறேன். ஹார்ட் டிஸ்க் இரண்டு ஏன் என்றால், ஒரு குடும்பத்தின் திருமணத்தை மறுபடியும் எடுக்க முடியாது.

அறிகுறி: எக்ஸ்போர்ட் நடுவில் மென்பொருள் மூடிவிடுகிறது, அல்லது கணினியே அணைந்துவிடுகிறது

முதல் கேள்வி: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா? ஆமாம் என்றால் பாகங்களைத் தொடாதீர்கள். அந்த இடத்தில் உள்ள கிளிப்போ எஃபெக்டோதான் பழுது. அதை மட்டும் தனியாக மாற்றி மறுபடியும் வைத்தால் போய்விடும். வெவ்வேறு இடங்களில் நின்றால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

மென்பொருள் மட்டும் மூடுகிறது, விண்டோஸ் தொடர்ந்து இயங்குகிறது என்றால் கிராபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாக நீக்கி மீண்டும் நிறுவுங்கள். பிறகு மெம்டெஸ்ட்86 கொண்டு இரவு முழுவதும் ரேமைச் சோதியுங்கள்; ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சி உதவாது. செயலி இன்டெலின் 13ஆம் அல்லது 14ஆம் தலைமுறை மேசைக் கணினி வகையானால் பயாஸைப் புதுப்பிப்பது கட்டாயம். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் அந்தச் செயலிகள் நாளடைவில் நிலைகுலைவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, 0x129, 0x12பி என்ற மைக்ரோகோடு (செயலிக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டதோடு உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அந்தப் பழுது சில நேரம் கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற பொய்யான செய்தியாக வெளிப்பட்டது என்பதால், நல்ல கார்டை மாற்றிவிட்டு ஏமாந்தவர்கள் இருந்திருப்பார்கள். திருத்தம் மேலும் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்ட செயலியைக் குணப்படுத்தாது. அதை உத்தரவாதத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

திரை சட்டென்று இருண்டு கணினி மொத்தமாக அணைந்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். கார்டு செய்த நிறுவனம் குறிப்பிடும் வாட் அளவைவிடக் குறைவாகவோ, பல ஆண்டுகள் பழையதாகவோ இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். யுபிஎஸ்ஸில் மட்டும் அணைகிறது, நேர் மின்சாரத்தில் அணையவில்லை என்றால் பழி யுபிஎஸ்ஸின் மீது. இன்றைய பவர் சப்ளைகள் சில, மலிவு யுபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ அலையை ஏற்காமல் நின்றுவிடுகின்றன. சைன் அலை தரும் யுபிஎஸ் அவற்றுக்கு வேண்டும்.

அறிகுறி: உதட்டசைவும் ஒலியும் போகப்போக விலகுகின்றன

இது கணினியின் குறையே இல்லை. கைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன. மீடியாஇன்ஃபோவில் ஃப்ரேம் ரேட் 'வேரியபிள்' என்று காட்டினால், ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

வாங்கப் போகும்போது

மேற்கண்ட சோதனைகளைச் செய்தவருக்குக் கையில் பாகத்தின் பெயரோடு ஒரு சீட்டு இருக்கும். அதோடு ஒரு பென் டிரைவில் நீங்கள் எடுத்த மூலக் கிளிப்புகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்: ஒன்று உங்களை மிகவும் தொல்லைப்படுத்தியது, ஒன்று மங்கலான வெளிச்சத்தில் எடுத்தது, ஒன்று கைபேசியில் எடுத்தது. சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், முழுக் கணினியாக வாங்கும்போது காட்சிக்கு வைத்திருக்கும் அதே வகைக் கணினியில் அவற்றை ஓட்டிக் காட்டச் சொல்வதில் தவறில்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டினால் அதன் வேகமே தடையாகிவிடும். முதலில் கணினியின் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டு, டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்து, 'வீடியோ டிகோட்' கட்டத்தின் கோடு எழுகிறதா என்று பாருங்கள். எழவில்லையென்றால் அந்தக் கணினியின் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.